பதினொன்று பத்து: வீட்டுப் பெரியவர்களின் மறதியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

அப்பா காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை காலண்டர் தாளைக் கிழிப்பது. கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய பால் கணக்கையும் காய்கறிச் செலவையும் எழுதி ஆணியில் குத்தி வைப்பார். 2016 ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன், எங்கள் வீட்டுக் காலண்டர் உலகத்தை விட இரண்டு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு இன்னும் கிழிக்கலையோன்னு நெனச்சேன்மா" என்றார். சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

அப்போது நான் மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வாரம் ஒரு நாள் மறதி ஓ.பி.யில் எனக்கு டியூட்டி. ஊரார் வீட்டுத் தாத்தாக்களிடம் எல்லாம் பேப்பரும் பேனாவும் கொடுத்துச் சோதித்தவள், என் அப்பா இரண்டு தாள் கிழித்ததைப் பார்த்துச் சிரித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் யாராவது "சிஸ்டர், எங்க அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியா இருக்கு, டெஸ்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இருக்கிறது. பதினைந்து நிமிஷம், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா போதும்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் சல்லடை. அரிசியில் கல் இருக்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். இந்தச் சோதனைகளை வைத்து யாருக்கும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று முத்திரை குத்தக் கூடாது. மார்க் குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும், அதுதான் அர்த்தம். மார்க் நன்றாக வந்தும் வீட்டில் இருப்பவர்களுக்கு உறுத்தினால், அப்போதும் போக வேண்டும்.

எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?

பக்கத்துத் தெரு மாப்பிள்ளையின் பெயர் நாக்கு நுனியில் நின்று, சாப்பிட்டு முடிக்கும்போது ஞாபகம் வந்தால் அது வயசு. மருமகளிடம் "கல்யாணப் பத்திரிகை வந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் அதே செய்தியை அதே சந்தோஷத்தோடு புதுசாகச் சொன்னால், கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷமாக வைத்த குழம்பில் திடீரென்று கைப்பக்குவம் தப்புவது, பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுப்பது, பழகிய மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வரத் திணறுவது எல்லாம் அந்தக் கணக்குதான். பழைய கதை நன்றாகச் சொல்கிறாரே என்று ஏமாந்துவிடாதீர்கள். டிமென்ஷியாவில் அதிகம் பார்க்கிற வகையான அல்சைமரில் முதலில் போவது நேற்றைய சமாச்சாரம். 1965இல் நடந்தது ரொம்ப நாள் நிற்கும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அந்த வீட்டில் "வயசாயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மணிக்கணக்கில், அல்லது இரண்டு மூன்று நாளில், திடீரென்று ஒருவர் குழம்பிப் போனால் இந்தச் சோதனை எதையும் செய்துகொண்டு உட்கார வேண்டாம். அது டிமென்ஷியா வரும் விதம் இல்லை. சிறுநீரில் கிருமி, உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம் என்று ஏதாவது இருக்கும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் முதலில் செய்த தப்பு

2017 பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து, தம்பி, தம்பி மனைவி, பேரப் பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில். டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போய் அப்பா முன்னால் ஒரு தாளை வைத்து, "அப்பா, ஒரு கடிகாரம் வரைங்க பாப்போம்" என்றேன். தம்பி மகன் எட்டிப் பார்த்து, "தாத்தா, முள்ளு தப்பு!" என்று கத்தினான். அப்பா தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு மாடிக்குப் போனவர் ராத்திரி வரை இறங்கவில்லை. அதற்கப்புறம் என்னிடம் பேனாவைப் பார்த்தாலே அவருக்கு முகம் மாறும். மறுபடி அவரை உட்கார வைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

எனவே, தாளை எடுக்கும் முன் இடத்தைச் சரி பண்ணுங்கள். காலைப் பலகாரம் முடிந்து, வயிறும் மனசும் நிறைந்திருக்கும் நேரம் நல்லது. தூங்கி எழுந்த உடனேயோ சாயங்காலமோ வேண்டாம். காய்ச்சல் இருக்கும்போதும் ஆபரேஷன் முடிந்து வந்த சில வாரங்களிலும் வேண்டாம். வீட்டில் சாவு நடந்த மாதத்தில் கண்டிப்பாக வேண்டாம். கண்ணாடி போட்டிருக்க வேண்டும், காது மெஷின் இருந்தால் மாட்டியிருக்க வேண்டும். ஓ.பி.யில் ஒரு பெரியவர், ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன "சாவி" என்பதைக் "காவி" என்று பிடித்துக்கொண்டு கடைசி வரை சரியாகக் "காவி" என்றே சொன்னார். மறதி அவருக்கு இல்லை, காதில் அழுக்கு.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், அல்லது அதற்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். கையில் வாட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். காலண்டரும் கண்ணில் படக் கூடாது. பேரப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். முக்கியமாக, கணவனோ மனைவியோ பக்கத்தில் இருக்க வேண்டாம். இருந்தால் பதில் அவர்களிடமிருந்துதான் வரும். அதிலும் ஒரு விஷயம் உண்டு: கேள்வி கேட்டதும் ஒருவர் பதிலுக்காகத் துணையின் பக்கம் தலையைத் திருப்பினால், அந்தத் திருப்பலையே டாக்டர்கள் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்வார்கள். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றால் அப்பா அம்மாவைப் பார்ப்பார். "கத்தரிக்கா" என்று அம்மா உதட்டை அசைப்பார். அப்பா, "கத்தரிக்கா" என்பார். ஒன்றரை வருஷம் அம்மாதான் அவருடைய ஞாபகமாக இருந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாமல்.

ஏமாற்றிச் சோதிக்க வேண்டாம். "ஞாபகசக்தி எப்படி இருக்குன்னு ஒரு சின்ன சோதனை இருக்கு, சிலது லேசு, சிலது கஷ்டம், செஞ்சு பாப்போமா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவர் செய்யும்போது "சரி", "தப்பு" என்று எதுவும் சொல்லாதீர்கள். "ம், அடுத்தது பாப்போம்" போதும்.

மூன்று சொல், ஒரு கடிகாரம்

இதற்கு மினி-காக் என்று பெயர். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூ போர்சன் என்ற மனநல மருத்துவர் குழுவாக உருவாக்கியது. மூன்று நிமிஷ வேலை. வீட்டில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத மூன்று சொல். நான் வழக்கமாகச் சொல்வது தாமரை, சாவி, குதிரை. நிதானமாக, தெளிவாகச் சொல்லி, "இதைத் திருப்பிச் சொல்லுங்க, அப்புறம் மறுபடியும் கேட்பேன், ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். திருப்பிச் சொல்ல வரவில்லையென்றால் மூன்று தடவை வரை சொல்லிக் கொடுக்கலாம். இதற்கு மார்க் கிடையாது. சொல் காதில் விழுந்து உள்ளே போயிற்றா என்று பார்ப்பதற்குத்தான்.

உடனே கடிகாரம். தாளில் ஒரு பெரிய வட்டத்தை, சோற்றுத் தட்டு அளவு இல்லாவிட்டாலும் டம்ளர் வாய் அளவை விடப் பெரிதாக, நீங்களே போட்டுக் கொடுங்கள். "இதை ஒரு கடிகாரம்னு வச்சுக்குங்க. எல்லா நம்பரையும் அதது இருக்கிற இடத்துல எழுதுங்க." எழுதி முடித்த பிறகு, முன்னால் இல்லை, "இப்ப மணி பதினொண்ணு பத்து ஆகிற மாதிரி முள்ளு போடுங்க." மூன்று நிமிஷத்துக்குள் முடியாவிட்டால் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஏன் பதினொன்று பத்து? சும்மா வைத்த நேரம் இல்லை அது. "பத்து" என்று காதில் விழுந்ததும், கை 10 என்ற எண்ணைத் தேடிப் போகும். அதை அடக்கி, "பத்து நிமிஷம் என்றால் பெரிய முள் 2இல் நிற்க வேண்டும்" என்று மாற்றி யோசிக்க வேண்டும். அந்த அடக்கலைச் செய்வது மூளையின் முன்பகுதி. அது தளர்ந்தவர்கள் ஒரு முள்ளை 11இலும் இன்னொன்றை 10இலும் நேராகக் கொண்டுபோய் வைப்பார்கள். தமிழில் இந்த வலை இன்னும் நன்றாக விழுகிறது என்பது என் எண்ணம். நாம் "பதினொண்ணு பத்து" என்று மொட்டையாகத்தானே சொல்கிறோம், "நிமிஷம்" என்ற சொல்கூட உதவிக்கு வருவதில்லை.

அப்பா 2017 பொங்கலன்று கிழித்துப் போட்ட தாளை நான் ஒட்டி வைத்திருந்தேன். எண்கள் எல்லாம் அச்சு மாதிரி, பேரேட்டில் எழுதுகிற அதே கையெழுத்து. முள் இரண்டும் 11, 10 பக்கம் பக்கமாக, இரட்டைக் கோடு போட்டது போல. எட்டு மாதம் கழித்து வரைந்ததில் எண்களே நெருங்கிவிட்டன. 12 வர வேண்டிய இடத்துக்கு வரும் முன்பே, 8 இருக்க வேண்டிய இடத்திலேயே 12 வந்துவிட்டது. மிச்சம் இடம் இருக்கிறதே என்று 13, 14, 15 என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். கூட்டல் பிழையே விடாத மனிதர், கடிகாரத்தில் பதினைந்து மணி எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "சரிதானேம்மா?" என்றார்.

கடிகாரம் முடிந்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "முதல்ல மூணு சொல் சொன்னேனே, என்னென்ன?" என்று கேளுங்கள். முதல் எழுத்தைக் கூடச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கடிகாரம் வரைய வைத்ததே நடுவில் கவனத்தைத் திருப்பத்தான்.

மார்க் போடுவது சுலபம். நினைவில் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் 1. கடிகாரத்துக்கு 2 அல்லது 0, நடுவில் 1 கிடையாது. 12 எண்ணும் விடுபடாமல், இரட்டிக்காமல், ஏறத்தாழச் சரியான இடத்தில் இருந்து, முட்கள் 11ஐயும் 2ஐயும் காட்டினால் 2. முள்ளின் நீளம் சின்னதா பெரிதா என்று பார்க்க வேண்டாம். மொத்தம் 5. இரண்டோ அதற்குக் கீழோ வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், அப்போதும் பார்ப்பது நல்லது. அப்பாவுக்கு வந்தது 1. "குதிரை" மட்டும் சொன்னார்.

ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம்?

இது எனக்குப் பிடித்த சோதனை. எழுத்து வேண்டாம், பேனா வேண்டாம், விளையாட்டு மாதிரி இருக்கும். "ஒரு நிமிஷம் தர்றேன், தெரிஞ்ச மிருகம், பறவை, பூச்சி எல்லாம் சொல்லிக்கிட்டே வாங்க." போனில் அறுபது விநாடி வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லக் கோடு போடுங்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் பொதுவாகப் பதினைந்துக்கு மேல் சொல்வார்கள். படிப்பு குறைவானவர்களுக்கு எண்ணிக்கையும் குறையும், அதைக் குற்றமாக எடுக்கக் கூடாது.

எண்ணிக்கையை விட, எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். நல்ல மூளை கூட்டம் கூட்டமாக எடுக்கும். ஆடு, மாடு, எருமை, கோழி என்று தொழுவத்தைக் காலி செய்துவிட்டு, சிங்கம், புலி, யானை என்று காட்டுக்குப் போகும். அங்கே தீர்ந்ததும் மீன், தவளை, ஆமை என்று குளத்தில் இறங்கும். மறதி நோய் பிடித்தவர் தொழுவத்திலேயே நிற்பார். ஆடு, மாடு, நாய்... மாடு... ஆடு. சொன்னதையே சொல்கிறோம் என்பது தெரியாது. ஒன்பதோ பத்தோ சொல்லி, அதில் மூன்று திரும்ப வந்தவை என்றால் எனக்கு அந்தத் தாள் கனக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு எட்டுக் கேள்வி

இதை ஏ.டி.8 என்பார்கள். இதுவும் ஒரு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான், ஆனால் அது செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கும் வேறு பல்கலைக்கழகம். இதில் பெரியவரிடம் எதுவும் கேட்பதில்லை. கூடவே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். மனைவி, மருமகள், மகன் என்று யார் அவரோடு அதிக நேரம் இருக்கிறாரோ அவர். வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசும் மகன் இதற்கு உதவ மாட்டார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எல்லாப் பெரியவர்களும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

கேள்வியின் சாரத்தை நம்ம வீட்டுப் பாணியில் சொல்கிறேன். முடிவெடுப்பதில் தடுமாற்றமா, யாரோ போனில் கேட்டதற்கு ஓ.டி.பி. சொல்லிவிடுவது மாதிரி? பிடித்த வேலைகளில் ஆர்வம் விட்டுப்போனதா, கோவிலுக்குப் போவதோ சீரியல் பார்ப்பதோ? ஒரே கேள்வியை, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? புது ரிமோட், புது மிக்ஸி, புது போன் பழகத் திணறுகிறாரா? மாதமும் வருஷமும் தப்புகிறதா? பாஸ்புக், கரண்ட் பில், பென்ஷன் கணக்கு குழம்புகிறதா? டாக்டரிடம் போகிற நாள், கல்யாணத் தேதி மறக்கிறதா? யோசனையிலும் நினைவிலும் தினமுமே தொல்லை இருக்கிறதா?

இதில் கவனிக்க வேண்டிய சொல் "மாற்றம்". முதலிலிருந்தே ரிமோட் பிடிக்கத் தெரியாத பாட்டிக்கு இப்போதும் தெரியவில்லை என்றால் அது மாற்றம் இல்லை. கடந்த சில வருஷத்தில் வந்த மாற்றம், அதுவும் கண் பார்வை, மூட்டு வலி மாதிரி காரணங்களால் வராத மாற்றம் என்றால்தான் "ஆமாம்". இரண்டோ அதற்கு மேலோ "ஆமாம்" வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அம்மாவிடம் இந்த எட்டையும் கேட்டேன். முதல் மூன்றுக்கு "அப்படியெல்லாம் இல்ல" என்றவர், பாஸ்புக் கேள்வி வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆறு "ஆமாம்".

பெரியவரிடம் செய்யும் சோதனை, வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கும் கேள்வி, ஏன் இரண்டையும் செய்யச் சொல்கிறேன்? ஓ.பி.யில் ஒரு தலைமையாசிரியர் வந்தார். மூன்று சொல்லும் சொன்னார், கடிகாரம் ஓவியம் போல வரைந்தார், மிருகம் இருபத்திநாலு. ஐந்துக்கு ஐந்து. அவர் மனைவி மட்டும் கதவோரம் நின்று அழுதார். அமைதியான மனுஷன் ஒரு வருஷமாகத் தெருவில் போகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாராம், யாராவது கேட்டால் சட்டைப் பையில் இருக்கும் பணத்தை எல்லாம் கொடுத்துவிடுகிறாராம், இனிப்பு டப்பாவை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதாம். ஒரு வகை டிமென்ஷியா ஞாபகத்தை விட்டுவிட்டுக் குணத்தைத்தான் முதலில் தின்னும். மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் அவரைச் சிரித்து அனுப்பியிருப்போம். ஐம்பது, அறுபது வயதிலேயேகூட இது வரலாம்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடம் பக்கம் போனதே இல்லை. பேனாவை விரலில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிப்பார், கரண்டி மாதிரி. அவரிடம் கடிகாரம் கேட்டால் வட்டத்துக்குள் கோலப்புள்ளி வைத்துத் தருகிறார். கடிகாரத்துக்கு 0. ஆனால் மூன்று சொல்லையும் சொல்லிவிட்டு, "சாவின்னா பீரோ சாவியா, வீட்டுச் சாவியா?" என்று குறுக்குக் கேள்வி வேறு. மொத்தம் 3, பயம் இல்லை. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிகாரத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மருத்துவமனைகளில் ரொம்ப காலமாகப் பயன்படுத்தும் எம்.எம்.எஸ்.இ. என்ற முப்பது மார்க் சோதனைக்கும் இதே குறை உண்டு. 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் இன்னொருவரும் அமெரிக்காவில் எழுதியது. அதில் ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்றெல்லாம் வரும். நாத்து நட்ட பாட்டிக்கு அது மூளைச் சோதனை இல்லை, பள்ளிக்கூடச் சோதனை. 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து முதியோரை ஆய்வு செய்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்து, கேள்விகளை அந்த ஊர் வாழ்க்கைக்கு ஏற்ப இந்தியில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

வீட்டில் செய்ய நான் கண்ட வழி இது. எழுதச் சொல்லாமல், "இது காலையா, மத்தியானமா? என்ன கிழமை? தமிழ் மாசம் என்ன? போன பண்டிகை எது, அடுத்தது எது?" என்று கேளுங்கள். ஆங்கிலத் தேதி தெரியாதவர்களுக்கும் அமாவாசை எப்போது என்று தெரியும். கணக்கைப் பணமாகக் கேளுங்கள். "ஐம்பது ரூபா கொடுத்து முப்பத்தாறு ரூபாய்க்குக் காய் வாங்கினா பாக்கி எவ்வளவு?" அத்தை பூக்கட்டி விற்றவர், பாக்கியை நான் கேள்வியை முடிக்கும் முன்பே சொல்வார். அப்புறம் மூன்று சொல், மிருகம். கடைசியில் ஏ.டி.8 கேள்விகள். படிப்பு இல்லாதவர்களுக்கு இந்தக் கடைசிதான் அதிகம் கைகொடுக்கும்.

தலைகீழான ஆபத்தும் இருக்கிறது. நிறையப் படித்தவர்கள் நோய் ஆரம்பித்த பிறகும் சோதனையில் தப்பிவிடுவார்கள். அவர்களுக்கு மோகா என்ற சோதனை பொருத்தம். 2005இல் கனடாவின் மாண்ட்ரியலில் நஸ்ரெதின் என்ற நரம்பியல் மருத்துவர் குழுவினர் வெளியிட்டது, லேசான மறதியையே பிடிக்கக் கூடியது. முப்பதுக்கு 26 அல்லது மேலே வந்தால் சரி என்பது வழக்கமான கணக்கு. தமிழிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பயிற்சி எடுத்தவர்தான் செய்ய வேண்டும். போனில் பார்த்துவிட்டு அதை வீட்டில் முயல வேண்டாம். ஒரு தடவை விடை பழகிவிட்டால் ஆஸ்பத்திரியில் செய்யும்போது பொய் மார்க் வரும்.

மார்க் குறைந்தால்

அன்றைக்கே வீட்டைக் கூட்டி அறிவிக்காதீர்கள். தாளில் தேதி, நேரம், சொன்ன பதில்கள் எல்லாம் அப்படியே எழுதுங்கள், கடிகாரத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் நடந்த நாலு சம்பவங்களைத் தேதியோடு எழுதுங்கள். "மறதியா இருக்கார்" என்று டாக்டரிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். "போன மாசம் 12ஆம் தேதி பால்காரருக்கு ரெண்டாம் தடவை பணம் கொடுத்தார்" என்றால் அவர் பேனாவை எடுப்பார்.

எங்களுக்கு முதலில் நேர்ந்தது அந்த ஒரு நிமிஷம்தான். 2016 கடைசியில், நான் கூடப் போகாத ஒரு நாளில், தம்பி அப்பாவை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். "எழுபத்திநாலு வயசுல இதெல்லாம் சகஜம்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி நானும் நிம்மதியாக இருந்தேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நரம்பியல், மனநலம், முதியோர் நலம் மூன்றில் எந்த ஓ.பி.க்குப் போனாலும் சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024இல் திறந்த முதியோருக்கான தேசிய மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாமல் தவித்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும், மெடிக்கலில் சும்மா வாங்கியது உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, சிறுநீர் அடங்க எழுதும் மாத்திரைகள் சில, வயதானவர்களின் ஞாபகத்தை மங்கடிக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். அதனாலும் மறதி வரும்.

டாக்டர் பி12, தைராய்டு, உப்பு, சர்க்கரை, சிறுநீரகம் என்று ரத்தம் பார்ப்பார், தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வார். செலவு என்று தட்டாதீர்கள். மறதி என்று வருபவர்களில் சரிசெய்யக்கூடிய காரணம் உள்ளவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். பாத்ரூமில் விழுந்து ஒரு மாதம் கழித்துக் குழம்ப ஆரம்பித்த ஒரு பாட்டிக்கு, ஸ்கேனில் மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது. அதை எடுத்த பத்தாம் நாள் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மனச்சோர்வும் மறதி வேஷம் போட்டு வரும். சோர்வில் இருப்பவர் கேள்வி கேட்டதும் "தெரியல" என்று விட்டுவிடுவார், தன் மறதியைப் பற்றிப் புலம்புவார். நோயில் இருப்பவர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார், "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று பேச்சை மாற்றுவார். எப்போதும் இப்படிப் பிரிந்து நிற்காது, ஆனாலும் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு அல்சைமர் என்று 2018இல் உறுதியானது. நோயைத் திருப்பும் மாத்திரை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, கொஞ்ச காலம் தாங்குவதற்கு ஒன்று கொடுத்தார்கள். ஆனால் கையெழுத்துப் போடும் நிலையில் அவர் இருக்கும்போதே பேங்க்கில் அம்மா பெயரைச் சேர்த்தோம், நிலப் பத்திரம் எங்கே என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டோம், சட்டைப் பையில் என் போன் நம்பர் எழுதிய அட்டை வைத்தோம். கிளினிக்கில் சொன்னதை நம்பியே இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. காலண்டர் கிழிக்கும் வேலையை மட்டும் அவரிடமிருந்து வாங்கவில்லை. அம்மா தினம் ராத்திரி அவர் தூங்கியபின் தேதியைச் சரிபார்த்து, கிழித்த தாளைக் குண்டூசியால் மறுபடி குத்தி வைத்துவிடுவார்.

சோதனையில் எல்லாம் சரியாக வந்தால், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி செய்து பார்க்கலாம். வாராவாரம் செய்யாதீர்கள், பழகிவிடும். ஒவ்வொரு தடவையும் சொற்களை மாற்றுங்கள். அத்தைக்கு இப்போது எண்பத்தொன்று. போன தையில் உட்கார வைத்து, "அத்தை, மூணு சொல் சொல்லப்போறேன்" என்று ஆரம்பிப்பதற்குள், "தாமரை, சாவி, குதிரை" என்று அவரே சொல்லிவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டார். இப்போது படகு, உப்பு, மஞ்சள் என்று மாற்றியிருக்கிறேன்.